நாய் ‘மியாவ்’ என்றது: சோவியத் படப்புத்தகங்களும் சிரிப்பின் அரசியலும்

1

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஊரில் தோழர்கள் சிலர் சேர்ந்து ஒரு தெரு நூலகம் ஆரம்பித்தோம். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளுக்காக. எம்.ஏ. தமிழ் படித்தவன் என்கிற ஒரே தகுதியில் என்னையும் புத்தகத் தேர்வுக் குழுவில் போட்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் பால்வாடி நடத்துகிற அக்கா ஒருத்தர் ஒரு படப்புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு யானை சட்டை போட்டுக்கொள்ளப் பார்க்கிறது. தும்பிக்கை எந்தக் கைக்குள் போவது என்று அதற்குத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் சட்டை யானையின் வாலில் தொங்குகிறது. அவ்வளவுதான் புத்தகம்.

‘இதில என்ன கருத்துக்கா இருக்கு?’ என்று கேட்டேன்.

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, ‘கருத்துன்னு ஒண்ணும் இல்ல தம்பி, பிள்ளைக சிரிக்கும்’ என்றார். யாரும் எதுவும் பேசவில்லை. வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். அக்கா புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேள்வி 1928இல் மாஸ்கோவில், நாம் மதிக்கிற ஒருவரால், நாம் மதிக்கிற ஒரு பத்திரிகையில் கேட்கப்பட்டது. அதற்குப் பின் நடந்தவற்றை நம்முடைய வாசகர்கள், குறிப்பாக இயக்கங்களில் இருப்பவர்கள், தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

2

குழந்தைக்கான சிரிப்புப் படப்புத்தகம் என்று சொன்னவுடன் அது ஏதோ களங்கமற்ற வெளி என்பதாக ஒரு பிம்பம் நமக்குள் இருக்கிறது. அது உண்மையல்ல. ஐரோப்பாவில் இந்த வகைமையின் தொடக்கப் பிரதிகளில் ஒன்று ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஹ் ஹோஃப்மன் எழுதி வரைந்த ‘ஸ்ட்ரூவெல்பீட்டர்’. 1844இல் கிறிஸ்துமஸுக்காக ஃப்ராங்ஃபர்ட் கடைகளில் தன் மூன்று வயது மகனுக்கு ஒரு புத்தகம் தேடினார். பிடித்தமாதிரி ஒன்றும் கிடைக்காமல் ஒரு நோட்டை வாங்கி வந்து தானே எழுதிப் படம் போட்டுக் கொடுத்தார். 1845இல் அது அச்சானது. விரல் சூப்புகிற பையனின் கட்டைவிரல்களைத் தையல்காரன் பெரிய கத்தரியால் வெட்டிவிடுகிறான். தீக்குச்சியோடு விளையாடுகிற பெண் எரிந்து சாம்பலாகிறாள். சூப் குடிக்க மறுக்கிறவன் ஐந்தாம் நாள் செத்துப்போகிறான். எல்லாமே வேடிக்கைப் படங்கள். பிள்ளைகள் சிரித்தார்கள், பயந்தார்கள், மறுபடி கேட்டார்கள்.

இங்கே சிரிப்பு யாருடைய பக்கம் நிற்கிறது? பெரியவரின் பக்கம். குழந்தையின் உடம்பு ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட வேண்டியதாகவும், வராவிட்டால் தண்டிக்கப்பட வேண்டியதாகவும் கட்டமைக்கப்படுகிறது. சிரிப்பு இங்கே பிரம்புக்குத் தடவிய வெல்லம். இப்படி ஒரு படப்புத்தகத்தை யாரும் ‘இதில் என்ன கருத்து’ என்று கேட்டு ஒதுக்கியதில்லை. கருத்துதான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறதே.

பிள்ளையின் பக்கம் நிற்கிற சிரிப்பு வேறு. அதன் முழுமையான சோதனைக்கூடங்களில் ஒன்று புரட்சிக்குப் பிந்தைய பெத்ரோகிராத். 1924 முதல் அதன் பெயர் லெனின்கிராத்.

3

கொர்னேய் சுகோவ்ஸ்கி (1882–1969) ஒதெஸ்ஸாவில் ஏழைத் தாயிடம் வளர்ந்தவர். தகப்பன் பெயரைச் சட்டப்படி வைத்துக்கொள்ள முடியாதவர். இலக்கிய விமர்சகராகப் பெயர் வாங்கியிருந்தவர், உடம்பு சரியில்லாமல் அழுதுகொண்டிருந்த மகனை ரயிலில் சமாதானப்படுத்த, வண்டிச் சக்கரத்தின் தாளத்துக்கு வாயில் வந்ததைச் சொல்லப் போய் உருவானது ‘முதலை’. பெத்ரோகிராத் வீதியில் முதலை ஒன்று மனுஷன் மாதிரி நடந்து போகிறது. போலீஸ்காரனை முழுங்குகிறது. பொம்மைக் கத்தி வைத்திருக்கிற ஒரு பொடியன் அதை மிரட்டுகிறான். 1917இல் பத்திரிகையில் வந்து, 1919இல் புத்தகமானது. தொடர்ந்து கைகழுவும் தொட்டியே தளபதியாக வந்து அழுக்குப் பையனைத் துரத்துகிற ‘மொய்தொதீர்’ (1923), யானை முதல் சிங்கம்வரை எல்லா மிருகங்களும் ஒரு கரப்பானுக்குப் பயந்து நடுங்க, ஒரு சிட்டுக்குருவி வந்து அதைக் கொத்தித் தின்றுவிடுகிற ‘கரப்பான்’ (1923), ‘தொலைபேசி’ (1926).

இவற்றில் பலவற்றை வெளியிட்டது லெவ் கிளியாச்கோ என்கிற பத்திரிகையாளர் 1922இல் தொடங்கிய ‘ராதுகா’ என்ற தனியார் பதிப்பகம். ராதுகா என்றால் வானவில். லெனினின் புதிய பொருளாதாரக் கொள்கை சிறு தனியார் முதலீட்டுக்கு இடம் கொடுத்த வருஷங்கள் அவை. அங்கேதான் சாமுயில் மர்ஷாக்கும் ஓவியர் விளாதிமிர் லெபெதெவும் சேர்ந்தார்கள். ‘சர்க்கஸ்’, ‘ஐஸ்கிரீம்’ இரண்டும் 1925. ‘மூட்டைமுடிச்சு’ 1926.

இந்தப் புத்தகங்களின் பௌதிக வடிவத்தைக் கவனிக்க வேண்டும். சில தாள்கள்தான். மெல்லிய அட்டை. கல்லச்சில் இரண்டு மூன்று வண்ணம். லெபெதெவ் அதற்கு முன்னால் புரட்சி அரசின் செய்தி நிறுவனத்துக்காகச் சுவரொட்டி போட்டவர். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாயும் தூரத்திலிருந்து ஒரு பார்வையில் புரிந்துகொள்கிற மாதிரி வரைந்து பழகிய கை. அதே கை பிள்ளைகளின் புத்தகத்துக்குள் வந்தது. பின்னணி கிடையாது. வெள்ளைத் தாள், அதில் வெட்டி ஒட்டியது போன்ற உருவங்கள். ‘ஐஸ்கிரீம்’ புத்தகத்தில் கொழுத்த கனவான் ஒருவன் வண்டி வண்டியாக ஐஸ்கிரீம் தின்று தின்று உறைந்துபோய்ப் பனிக்குன்றாகிவிடுகிறான். தெருப் பிள்ளைகள் அவன்மேல் சறுக்கி விளையாடுகிறார்கள். ‘மூட்டைமுடிச்சு’ கதையில் ஒரு சீமாட்டி ரயிலில் ஒப்படைத்த குட்டி நாய் வழியில் ஓடிப்போக, சிப்பந்திகள் ஒரு பெரிய நாயைப் பிடித்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். பிரயாணத்தில் வளர்ந்திருக்கும் என்று பதில். வர்க்கம் இங்கே இருக்கிறது. ஆனால் பாடமாக இல்லை, சறுக்குமரமாக இருக்கிறது. 1929இல் பாரிஸில் இந்தப் புத்தகங்களின் கண்காட்சி நடந்தபோது ஐரோப்பியப் பதிப்பாளர்கள் அசந்துபோனார்கள்.

4

சுகோவ்ஸ்கி வெறும் கதைக்காரர் அல்ல. குழந்தைகளின் பேச்சைப் பல வருஷம் குறித்துவைத்து 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னால் ‘இரண்டிலிருந்து ஐந்து வரை’ என்ற பெயரில் பல பதிப்புகள் கண்ட நூல் அது. அதில் ஒரு சம்பவம் வருகிறது. அவருடைய மகள், இரண்டு வயது நிறையாதவள், ஒரு நாள் கண் மினுங்க ஓடிவந்து நாய் ‘மியாவ்’ என்று கத்துவதாக அறிவிக்கிறாள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். அப்பா பதிலுக்கு இன்னொன்றைத் தலைகீழாக்குகிறார். அவளுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

இதிலிருந்து சுகோவ்ஸ்கி எடுக்கிற முடிவு எளிமையானது, ஆனால் முக்கியமானது. நாய் குரைக்கும், பூனைதான் மியாவ் என்னும் என்பது உறுதியாகத் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே ‘நாய் மியாவ்’ சிரிப்பு. தெரியாத பிள்ளைக்கு அது வெறும் தகவல். ஆகவே தலைகீழாக்கம் யதார்த்தத்தைக் குலைப்பதில்லை, உறுதிப்படுத்துகிறது. உலகத்தின் ஒழுங்கு எனக்குத் தெரியும், அதை நான் மாற்றிப் போடவும் முடியும் என்கிற முதல் வெற்றியைப் பிள்ளை அந்தச் சிரிப்பில் கொண்டாடுகிறது. மூன்று வயதுக்குள் ஒரு மனுஷ ஜீவனுக்குக் கிடைக்கிற முதல் அதிகாரம் இது என்று நான் சொல்வேன்.

பக்தினின் ‘கார்னிவல்’ பற்றி நம்முடைய சிறுபத்திரிகைகளில் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. மேல் கீழாவது, அரசன் கோமாளியாவது. அந்தப் பக்தினும் அதே லெனின்கிராதில், அதே வருஷங்களில்தான் இருந்தார். 1928 டிசம்பரில் கைது செய்யப்பட்டார். திருவிழாச் சிரிப்பைப் பற்றிப் பேசுகிற நாம், பாலர் படப்புத்தகத்தின் சிரிப்பைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதாமல் இருப்பது ஏன் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். அதைப் பெண்கள் சமாச்சாரம், பால்வாடிச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவைத்துவிட்டோமோ?

5

1928 பிப்ரவரி 1ஆம் தேதி ‘பிராவ்தா’வில் குருப்ஸ்கயா ‘முதலை’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முதலை எப்படி வாழ்கிறது என்று பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் உளறல் கிடைக்கிறது, இது முதலாளித்துவக் கலங்கல், இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது சாரம். லெனினின் மனைவி எழுதியது என்பதால் அது அபிப்பிராயம் என்ற அளவில் நிற்கவில்லை. ‘சுகோவ்ஸ்கித்தனம்’ என்று ஒரு வசைச்சொல்லே உருவானது. ‘மொய்தொதீர்’ புகைபோக்கி துடைக்கிற தொழிலாளியை அவமதிக்கிறது என்றார்கள். ஈக்குக் கல்யாணம் நடக்கிற கதை நோய் பரப்புகிற பூச்சியின்மேல் அனுதாபத்தை உண்டாக்குகிறது என்றார்கள். இன்றைக்குப் படிக்க வேடிக்கையாக இருக்கிறது. அன்றைக்கு ஒவ்வொரு வாக்கியமும் ஒரு மறுபதிப்பை நிறுத்தியது.

இத்தாலியில் இருந்த கார்க்கி மார்ச் மாதமே பதில் எழுதினார். ஆனால் அந்தக் கடிதம் பெரும்பாலும் கவிஞர் நெக்ராசோவ் பற்றிய சுகோவ்ஸ்கியின் ஆய்வைத்தான் காப்பாற்றியது. முதலைக்காக வாதாட அப்போது பெரிய ஆள் யாரும் வரவில்லை. 1930இல் மர்ஷாக்கும் மற்றவர்களும் தாக்கப்பட்டபோதுதான் கார்க்கி குழந்தை இலக்கியத்தில் வேடிக்கைக்கு உள்ள உரிமையை நேரடியாகப் பேசினார். அதற்குள் சுகோவ்ஸ்கி பணிந்துவிட்டிருந்தார். தன் கதைகள் புதிய சமூகத்துக்கு உதவாது என்று ஒப்புக்கொண்டும், ‘மகிழ்ச்சியான கூட்டுப்பண்ணை’ பற்றிப் பிள்ளைகளுக்கு எழுதப்போவதாக வாக்களித்தும் 1929 டிசம்பரில் அவருடைய கடிதம் ஒன்று பத்திரிகையில் வந்தது. அந்தப் புத்தகத்தை அவர் எழுதவே இல்லை. நாய் மியாவ் என்று சொன்ன அந்த மகள் மூரா, 1931 நவம்பரில் கிரிமியாவில் காசநோயால் இறந்தாள். வயது 11.

குருப்ஸ்கயாவை ஒரு கோமாளியாகச் சித்திரித்துவிட்டுப் போவது சுலபம். நான் அதைச் செய்ய விரும்பவில்லை. உள்நாட்டுப் போரும் 1921இன் பஞ்சமும் லட்சக்கணக்கான பிள்ளைகளைத் தெருவில் அனாதைகளாக விட்டிருந்தன. எழுத்தறிவே எட்டாத கிராமங்கள். காகிதம் கிடைக்காத காலம். பூதம், தேவதை என்று பேசியே ஜனங்களை அடக்கிவைத்திருந்த ஒரு சமூகத்திலிருந்து வெளியேறியவர்கள், பிள்ளையின் கைக்குப் போகிற முதல் தாளில் உண்மை இருக்க வேண்டும் என்று விரும்பியதில் நியாயம் இல்லையா? இருக்கிறது. எங்கள் தெரு நூலகத்தில் நான் கை தூக்கியதும் அந்த நியாயத்தில்தான். ஆயிரம் ரூபாய்க்குள் புத்தகம் வாங்க வேண்டும், யானைச் சட்டைக்கு எதற்குக் காசு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாத் தலைகீழாக்கமும் விடுதலை அல்ல. சுகோவ்ஸ்கியின் ‘பர்மலேய்’ (1925) பிள்ளைகளுக்குக் காட்டுகிற ஆப்பிரிக்கா மனிதனைத் தின்கிற கொள்ளைக்காரன் வாழுகிற பயங்கர தேசம். காலனியம் உற்பத்தி செய்த அதே மற்றமை. கறுத்தவர், குண்டானவர், திக்கிப் பேசுகிறவர் ஆகியோரைக் காட்டிச் சிரிக்கவைக்கிற புத்தகங்கள் நம்மிடமும் உண்டு. எனவே சிரிப்பா கருத்தா என்று கேட்பதில் பயனில்லை. யாரைக் கீழே தள்ளிச் சிரிக்கிறோம், யார் மேலே வருகிறார்கள் என்று கேட்க வேண்டும். கரப்பானுக்கு எதிரில் சிட்டுக்குருவி மேலே வருகிறது. ‘பர்மலேய்’ கதையில் அப்படி யாரும் வருவதில்லை. குருப்ஸ்கயாவின் கட்டுரை இந்த வேறுபாட்டை விவாதத்துக்குக் கொண்டுவந்திருந்தால் அது நல்ல விமர்சனமாகியிருக்கும். அது முதலையின் உணவுப் பழக்கத்தைக் கேட்டது.

6

மர்ஷாக் 1924 முதல் அரசுப் பதிப்பகத்தின் குழந்தைப் பிரிவுக்கு ஒரு பட்டாளத்தையே கூட்டிவந்தார். நெவ்ஸ்கி வீதியில் சிங்கர் தையல் மெஷின் கம்பெனிக்காகக் கட்டப்பட்ட கட்டடத்தில் அந்த அலுவலகம் இருந்தது. 1928இல் ‘யோஷ்’, 1930இல் ‘சீஷ்’ என்று இரண்டு பத்திரிகைகள். தனியேல் கார்ம்ஸ், அலெக்சாந்தர் விவேதென்ஸ்கி, நிகோலாய் ஒலேய்னிகோவ். பெரியவர்களுக்கு எழுதியதை எங்கும் அச்சிட முடியாதவர்கள், பிள்ளைகளுக்கு எழுதிப் பிழைத்தார்கள். கார்ம்ஸின் கதை ஒன்றில் ஒரு தேநீர்ப் பாத்திரம்தான் நாயகன். வீட்டில் எல்லோரும் வரிசையாக வந்து டீ வாங்கிக் குடிக்கிறார்கள். தாமதமாக எழுந்து வருகிற பையனுக்குச் சொட்டுக்கூட இல்லை. அதற்குப் படம் போட்டவர் வேரா எர்மோலாயெவா, சிறுவயதிலிருந்தே ஊன்றுகோலோடு நடந்த பெண்.

அடுத்து வருவது பெயர்களும் தேதிகளும்தான். அவற்றுக்கு அலங்காரம் தேவையில்லை. 1930இல் ராதுகா பதிப்பகம் மூடப்பட்டது. 1931 டிசம்பரில் கார்ம்ஸும் விவேதென்ஸ்கியும் கைதானார்கள். பிள்ளைகளுக்கு எழுதிய வேடிக்கைக் கதைகளே விசாரணைக் கோப்பில் சோவியத் எதிர்ப்பாகப் பதிவாயின. 1936 மார்ச் 1ஆம் தேதி ‘பிராவ்தா’ ஓவியர்களைக் கிறுக்குகிறவர்கள் என்று தாக்கிய கட்டுரையில் லெபெதெவ் முக்கிய இலக்கு. அதன் பிறகு அவர் படங்கள் மாறின. ரோமம் ரோமமாக வரைந்த நிஜ மிருகங்கள் வந்தன, வெள்ளைத் தாள் நிரம்பியது, வேகம் போய்விட்டது. 1937இல் கார்ம்ஸ் ‘சீஷ்’ இதழில் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்த் திரும்பாத ஒரு மனிதனைப் பற்றிப் பாட்டு எழுதினார். மனிதர்கள் நிஜமாகவே காணாமல் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. அதற்குப் பின் கொஞ்ச காலம் அவரை யாரும் அச்சிடவில்லை, வீட்டில் பட்டினி. அதே வருஷம் செப்டம்பரில் எர்மோலாயெவா முகாமில் சுடப்பட்டார். நவம்பரில் ஒலேய்னிகோவ் சுடப்பட்டார். மர்ஷாக் கட்டிய ஆசிரியர் குழு சிதறியது. 1941 டிசம்பரில் விவேதென்ஸ்கி கைதிகளைக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். 1942 பிப்ரவரியில், முற்றுகையிடப்பட்ட நகரத்தின் சிறை மருத்துவமனையில் கார்ம்ஸ் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளை ஒரு பெட்டியில் வைத்துக் காப்பாற்றியவர் நண்பர் யாக்கோவ் துருஸ்கின்.

சுகோவ்ஸ்கியும் மர்ஷாக்கும் தப்பினார்கள், விருதுகளும் வாங்கினார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் வரலாறு எழுத வேண்டும். ‘முதலை’யைக் கண்டித்த கட்டுரைதான் எர்மோலாயெவாவைச் சுட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய். ஆனால் பிள்ளையின் சிரிப்புக்குக் காரணம் கேட்கிற உரிமை அரசுக்கு உண்டு என்று 1928இல் ஒப்புக்கொண்டுவிட்டால், காரணம் போதவில்லை என்று பின்னால் அது சொல்லும்போது எதிர்த்துப் பேச இடம் இருப்பதில்லை.

7

இந்தப் புத்தகங்களுக்கும் நமக்கும் உள்ள உறவு புதிதல்ல. மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக ஊர் ஊராக வந்த புத்தகங்களில் வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. முன்னேற்றப் பதிப்பகத்திலிருந்து பிரிந்து 1982இல் மாஸ்கோவில் உருவான பதிப்பகத்துக்கும் ராதுகா என்றே பெயர் வைத்தார்கள். 1930இல் மூடப்பட்ட வானவில்லின் பெயர் அரசு நிறுவனத்தின் பெயராகத் திரும்பி வந்தது. 1991க்குப் பின் அதுவும் தமிழுக்கு வருவது நின்றது.

என் அப்பா தொழிற்சங்கக்காரர். 90களில் கண்காட்சியில் மிச்சமிருந்த சோவியத் புத்தகங்களை மலிவாக வாங்கிவந்து போட்டார். அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ எங்கள் வீட்டில் அட்டை போய், முதுகு போய், கடைசியில் நூல் கட்டி வைத்திருந்தோம். ரஸ்கின் தன் மகளுக்குச் சொன்ன கதைகள் அவை. அதில் முட்டாளாகிற ஆள் அப்பாதான். பெரியவரின் அதிகாரத்தைப் பெரியவரே இறக்கிவைக்கிறார். மர்ஷாக் குழுவின் சிரிப்பு அழிந்த பிறகும் அதன் ஈரம் எங்கோ மண்ணுக்குள் இருந்து, இப்படி ஒரு புத்தகமாகி, மொழி தாண்டி, கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் இப்போது தோன்றுகிறது. அப்பா எனக்கு அரசியல் சொல்லித்தந்த நாட்கள் ஞாபகம் இல்லை. அந்தப் புத்தகத்தை வாசித்துக்கொண்டே அவர் வயிறு குலுங்கச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

என் கைக்கு வந்த அந்தப் புத்தகங்கள் எதிலும் கார்ம்ஸ் என்ற பெயர் இல்லை, எர்மோலாயெவாவின் படம் இல்லை. அந்தச் சிரிப்பின் விலை எங்களுக்குச் சொல்லப்படவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு வந்துசேர்ந்தது இரண்டு. ஒன்று, சிரிப்பு. இன்னொன்று, ‘இதில் என்ன கருத்து’ என்கிற கேள்வி. பள்ளிக்கூடத்தின் நீதிக்கதையும் இயக்கத்தின் கருத்துக்கதையும் எதிரெதிர் மேடையில் நின்றாலும், பிள்ளையைக் காலிப் பாத்திரமாகப் பார்ப்பதில் ஒன்றுதான். அதற்குள் எதை ஊற்றுவது என்பதில்தான் சண்டை.

போன வருஷம் அக்கா மகள், இரண்டு வயதுகூட ஆகவில்லை, வாசலில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து ‘மாமா, காக்கா மாஆஆ’ என்றாள். ‘காக்கா காகான்னுதானே கத்தும்?’ என்று திருத்தினேன். அவள் முகம் சுருங்கியது. எனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லித்தருகிறேன் என்கிற நினைப்பில் இருந்தேன். அவளுக்குத் தெரிந்ததை வைத்து அவள் என்னை விளையாடக் கூப்பிட்டிருக்கிறாள். இது உறைக்க எனக்கு ஒரு வாரமாயிற்று. சுகோவ்ஸ்கி அந்த இடத்தில் உடனே மாடு கொக்கரக்கோ என்றிருப்பார்.

அதற்கப்புறம் பால்வாடி அக்காவைப் போய்ப் பார்த்தேன். நூலகம் அதற்குள் நின்றுபோயிருந்தது. ‘அந்த யானைப் புத்தகம் இருக்காக்கா?’ என்று கேட்டேன். அலமாரியைத் திறந்து எடுத்தார். தாள்கள் கழன்று, ஓரமெல்லாம் எச்சில் பட்டு, வாலில் சட்டை தொங்குகிற கடைசிப் பக்கம் பாதிதான் இருந்தது. ‘அந்தப் பக்கத்தத்தான் எல்லாம் பிச்சுப்பிச்சு எடுக்குதுக’ என்றார். என்னைக் குறை சொல்கிற தொனி அவர் குரலில் இல்லை.

அடுத்த நூலகத்துக்கான பட்டியல் இப்போது என்னிடம் இருக்கிறது. தேர்வுக் குழுவில் அந்த அக்காவைப் போடச் சொல்லியிருக்கிறேன். கை தூக்குவதற்கு முன்னால் புத்தகத்தை ஒருமுறை பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதியும் எழுதியிருக்கிறேன். தோழர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று வருகிற கூட்டத்தில் தெரியும்.